மூன்று வயதுக்கு எதற்கு நாலு கோடு நோட்டு?

எல்.கே.ஜி. சேர்க்கைக்கு வரும் பெற்றோர் முதலில் கட்டணத்தைக் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, "வருஷக் கடைசியில என் பிள்ளை என்னென்ன எழுதும்?" ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஒன்று முதல் நூறு வரை எண்கள், தமிழில் உயிரெழுத்து, பிறகு மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்கள் என்று தாளாளர் அடுக்குகிறார். கேட்பவர்களுக்கு நிம்மதி. பட்டியல் நீளமாக இருந்தால் அது நல்ல பள்ளி. "அங்க சும்மா விளையாட விட்டுடுறாங்க" என்று ஒரு பள்ளியைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டால் போதும், அடுத்த ஜூனில் பாதிப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள்.

இப்படி நினைப்பவர்கள் பிள்ளை மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். அக்கறைதான் அவர்களைத் துரத்துகிறது. வீட்டுப் பெரியவர்கள் ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை எழுதிக் காட்டுகிறது. ஆனாலும் அக்கறை உண்மை என்பதால் கருத்தும் உண்மையாகிவிடாது. மூன்று வயது முதல் ஆறு வயது வரை ஒரு பிள்ளையின் முதன்மையான படிப்பு விளையாட்டுதான். பெரியவர்கள் இலக்கு வைக்காத விளையாட்டு. பிள்ளையே தொடங்கி, பிள்ளையே விதி போட்டு, தோன்றும்போது விதியை மாற்றி, போதும் என்னும்போது நிறுத்துகிற விளையாட்டு. படிப்புக்கு நடுவே விடுகிற ஓய்வாகவோ, எழுதி முடித்தால் தருகிற லஞ்சமாகவோ அதைச் சுருக்குவது பிள்ளைக்குச் செய்யும் கேடு என்பதே என் வாதம்.

சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முந்தலாம் என்கிறார்கள். பிள்ளையின் கையிலிருந்தே இதைப் பார்க்கலாம். மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகின்றன; மூன்று வயதில் பாதிகூட இறுகியிருக்காது. முதலில் தோள், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியில்தான் விரல்நுனி என்று வலு வரும். அந்த வயதுப் பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடித்து, தோளிலிருந்து இழுத்து எழுதுகிறது. நாலு கோடு நோட்டின் நடு இரண்டு கோட்டுக்குள் எழுத்து நிற்க வேண்டும் என்கிறோம். அழுத்தினால் நுனி உடைகிறது, அழித்தால் தாள் கிழிகிறது. அம்மா பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்து எழுத வைக்கிறாள். மறுநாள் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் டிக் விழுகிறது, அம்மாவின் எழுத்துக்கு. இதே கையை வளர்க்கும் வேலைகள் வேறு. களிமண் பிசைவது, ஈரத்துணி பிழிவது, சிந்திய புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போடுவது, ஒரு குவளைத் தண்ணீரைச் சிந்தாமல் இன்னொன்றுக்கு மாற்றுவது. இவற்றைச் செய்த கைக்குப் பிறகு பென்சில் தானாக வசப்படும். இவற்றைப் பிடுங்கிவிட்டுப் பென்சிலைக் கொடுத்தால் இரண்டுமே கெடும்.

வாசிப்பிலும் கதை வேறல்ல. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளர் 5 வயதில் வாசிக்கக் கற்ற பிள்ளைகளையும், 7 வயதில்தான் வாசிப்பைத் தொடங்கும் பள்ளிகளின் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். 11 வயது ஆகும்போது வாசிக்கும் வேகத்தில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. பொருள் புரிந்துகொள்வதில் தாமதமாகத் தொடங்கியவர்கள் சற்று மேலாகவே இருந்தார்கள். இரண்டு வருடம் முந்தித் தொடங்கிய ஓட்டத்தில் கடைசியில் ஒரு முழம்கூட மிச்சமில்லை.

இந்த இடத்தில் வழக்கமாகப் பின்லாந்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள், அங்கே 7 வயதில்தான் பள்ளி என்று. நான் கூப்பிடவில்லை. பீசா என்னும் பன்னாட்டு மாணவர் தேர்வில் அந்த நாட்டின் மதிப்பெண்கள் உயரத்தில் இருந்தபோதும் தொடங்கும் வயது 7தான், பிறகு சரிந்தபோதும் 7தான். ஒரு நாட்டின் தரவரிசையைக் காட்டி ஜெயிக்கிற வாதம் அடுத்த தரவரிசையில் தோற்றுவிடும்.

அதைவிட அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்தது கவனிக்கத்தக்கது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய முன்பள்ளிகளில் இடத்துக்கு மீறி விண்ணப்பம் வந்தபோது, குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். அதனால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. முன்பள்ளி முடிந்தபோது, சென்று படித்த பிள்ளைகள் எழுத்தறிவில் முன்னால் இருந்தார்கள். ஒரே வருடத்தில் மற்றவர்கள் அவர்களைப் பிடித்துவிட்டார்கள். 2022இல் வெளியான முடிவுகளின்படி, ஆறாம் வகுப்புக்கு வந்தபோது முன்பள்ளிக்குப் போன பிள்ளைகள் மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானதும் அவர்களே அதிகம். காரணம் இதுதான் என்று யாரும் அறுதியிட்டுவிடவில்லை. ஆனால் ஆய்வை நடத்தியவர்களுள் ஒருவரான டேல் ஃபேரன், மொத்த வகுப்பையும் உட்காரவைத்து ஆசிரியரே பேசிக்கொண்டிருக்கும் நேரம் மிகுதி என்பதையும், பிள்ளைகள் தாமாகத் தேர்ந்து செய்வதற்கு நேரம் குறைவு என்பதையும் முக்கியமான ஐயமாக முன்வைத்தார். நம் ஊர் எல்.கே.ஜி. வகுப்பின் அன்றாடமே இதுதான்.

"சொல்லிக் கொடுக்காம பிள்ளை எப்படிக் கத்துக்கும்?" என்பது இன்னும் ஆழமான ஐயம். இதற்கு ஒரு விளையாட்டுச் சாமானே பதில் சொல்லியிருக்கிறது. 2011இல் எலிசபெத் பொனாவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் குழாய்களை இணைத்து ஒரு பொம்மை செய்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். ஓரிடத்தில் மறைந்திருக்கும் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும். இன்னோரிடத்தில் இசை ஒலிக்கும். ஒரு குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் கண்ணாடியில் தன் முகம் தெரியும். முன்பள்ளி வயதுப் பிள்ளைகளில் சிலரிடம், "இது எப்படி வேலை செய்யும்னு காட்டுறேன் பார்" என்று டீச்சர் போலச் சொல்லி, கீச்சொலியை மட்டும் காட்டினார்கள். வேறு சிலரிடம், தற்செயலாகச் சத்தம் வந்ததுபோல் செய்துவிட்டுப் பொம்மையைக் கொடுத்தார்கள். முதல் கூட்டம் கீச்சுக் குழாயையே திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுச் சீக்கிரமே பொம்மையைக் கீழே வைத்தது. மற்றவர்கள் அதிக நேரம் விளையாடினார்கள், ஒளிந்திருந்த மற்ற வேலைகளையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். டீச்சர் சொன்னதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று பிள்ளை நியாயமாகவே முடிவு கட்டுகிறது. கற்பித்தல் கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. கற்பித்தலுக்கு ஒரு விலை உண்டு, தேடும் ஆசை அடங்கிப்போவதே அந்த விலை. இதை அறிந்து, எந்த வயதில், எதற்காக, எவ்வளவு நேரம் கற்பிப்பது என்று அளந்து செய்யவேண்டும். நாளில் நாலு மணி நேரம் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கீச்சுக் குழாயையே காட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஓர் அங்கன்வாடி வாசலில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். சத்துமாவு உருண்டை கொடுத்து முடித்த நேரம். நாலைந்து பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பஸ் ஆக்கியிருந்தார்கள். ஓட்டுநருக்கு ஒரு பழைய மூடி ஸ்டியரிங். கண்டக்டருக்கு நாலு வயது இருக்கும்; கிழிந்த காலண்டர் தாள்கள் டிக்கெட். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று அதட்டிக்கொண்டே வந்தான். ஒரு சிறுமி கையை நீட்டினாள். "நீ லேடீஸ். காசு வேணாம். ஆனா டிக்கெட் வாங்கணும்" என்று ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தான். அடுத்தவன் ஒரு கல்லை நீட்டி, "பத்து ரூவா" என்றான். இவன் இரண்டு சின்னக் கல்லை எடுத்து அவன் கையில் வைத்து, "சில்லறை" என்றான். பின்னால் இருந்தவன் தானும் கண்டக்டர் ஆக வேண்டும் என்று அழ ஆரம்பித்தான். பஸ் நின்றது. சண்டை, பேச்சுவார்த்தை. முடிவில் "நீ செக்கிங் இன்ஸ்பெக்டர்" என்று ஒரு புதிய வேலை உண்டாக்கப்பட்டு, அழுகை நின்று, எல்லோரும் டிக்கெட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

அந்தச் சில நிமிடங்களில் என்ன இல்லை? கல் பணமாகிறது, தாள் டிக்கெட்டாகிறது. ஒன்று இன்னொன்றுக்காக நிற்கும் என்று புரிந்தால்தான் 'அ' என்ற கோடு ஓர் ஒலிக்காக நிற்பதும் ஒரு நாள் புரியும். பெரியதைக் கொடுத்தால் சிறியது திரும்பி வரவேண்டும் என்னும் கணக்கு இருக்கிறது. காசு இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு என்னும் அரசாணையே இருக்கிறது; கட்டணமில்லாப் பேருந்தில் அம்மாவோடு போகும்போது அவன் கவனித்த நுணுக்கம் அது. அழுகிறவனை ஆட்டத்தை விட்டுத் துரத்தாமல் அவனுக்கு ஓர் இடம் தேடியதும் இருக்கிறது. இவற்றில் எதையும் டீச்சர் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்திருக்கமாட்டார்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் ஆற்றிய ஓர் உரையில், விதியற்றது என்று நாம் நினைக்கும் பாவனை விளையாட்டில்தான் பிள்ளை விதிக்கு மனமுவந்து கட்டுப்படக் கற்கிறது என்று விளக்கினார். அவர் வழிவந்த மனுய்லென்கோ பிறகு அதைச் சோதித்தும் பார்த்தார். "அசையாமல் நில்" என்று சொல்லப்பட்ட பிள்ளைகளைவிட, காவலாளியாக விளையாடிய பிள்ளைகள் நெடுநேரம் அசையாமல் நின்றார்கள். "என் பிள்ளை ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குது, அதுக்குத்தான் ஸ்கூல்ல போடுறோம்" என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். உட்காரக் கற்கும் இடமும் விளையாட்டுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க ஸ்கூல் பிளேவே மெத்தட்தான்" என்று விளம்பரப் பலகையைக் காட்டுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஆப்பிள் படத்தில் சிவப்பை மட்டும் அடிக்கவேண்டிய அச்சுத்தாள். டீச்சர் வெட்டிவைத்த காகித மீனில் டீச்சர் காட்டிய இடத்தில் கண் ஒட்ட வேண்டும். திரையில் ஓடும் ரைம்ஸுக்குக் கை தட்ட வேண்டும். கூடத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம், வெள்ளிக்கிழமை பத்து நிமிடம். பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்காத, எதுவும் எதிர்பாராமல் நடந்துவிடாத இதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்தது கடுமையான வேலையைவிட மோசம், பெற்றோரையும் சேர்த்து ஏமாற்றுவதால். கல்வியாளர் மாண்டிசோரியின் பெயருக்கும் இதே கதிதான். அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலில் இருந்து பணியாற்றியவர். பாவனை விளையாட்டை அவர் பெரிதாக மதிக்கவில்லை. அதில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஆனால் பிள்ளை தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கவேண்டும், அதில் மூழ்கியிருக்கும்போது பெரியவர்கள் குறுக்கிடக் கூடாது என்பதில் அவர் மாறியதே இல்லை. இன்று தெருவுக்குத் தெரு அவர் பெயரில் தொங்கும் பலகைகளுக்குப் பின்னால், முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்து நோட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளையாடட்டுமே என்கிறார்கள். எங்கே? தெரு இரு சக்கர வாகனங்களுக்கு, அடுக்ககத்தின் தரைத்தளம் கார்களுக்கு. வேன் ஏறி இறங்கி வரும் பிள்ளைக்கு யூ.கே.ஜி.யிலேயே டியூஷன். மிச்ச நேரத்துக்குக் கைபேசி. முற்றமும் வயசு வித்தியாசம் பார்க்காத தெருப்பிள்ளைக் கூட்டமும் இருந்த காலத்தில், பள்ளி விளையாட்டைக் கைவிட்டாலும் ஊர் ஈடுகட்டியது. இன்று நாலைந்து பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து பெரியவர் கண்பார்வையில் நேரம் போவது தெரியாமல் விளையாட எஞ்சியிருக்கும் ஒரே இடம் அந்தப் பள்ளிதான்.

இனி, என்னை உண்மையாகவே யோசிக்க வைத்த எதிர்வாதம். "உங்க வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகமும் கதையும் இங்கிலீஷும் வீட்டிலேயே கிடைக்கும். நீங்க விளையாடச் சொல்லலாம். எங்க பிள்ளைக்கு அந்த நோட்டை விட்டா வேற என்ன இருக்கு?" தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்காகக் கேட்கப்படும் கேள்வி இது. பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் ஆய்வு 2022இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம் என்றது; 2018இல் அது 10.2. இந்த நிலையில் விளையாட்டைப் பேசுவது ஏழையின் கையிலிருந்து ஏணியைப் பறிப்பது என்று கோபப்படுவோர் உண்டு. கோபம் நியாயமானது.

ஆனால் அந்த 10.2 பெருந்தொற்றுக்கு முந்தைய எண். எல்.கே.ஜி.யும் நாலு கோடு நோட்டும் சிற்றூர் வரை போய்ச் சேர்ந்துவிட்ட மாநிலத்தின் எண். நோட்டே ஏணி என்றால் அது இவ்வளவு தாழ்வாக இருந்திருக்காது. இன்னொன்று, விளையாட்டுக்கு ஆதரவான பழைய சான்றுகள் வசதியானவர்களிடமிருந்து வந்தவையே அல்ல. மிச்சிகனின் இப்சிலாண்டி நகரில் 1960களில், பின்னாளில் ஹைஸ்கோப் நிறுவனத்தை அமைத்தவர்கள் 68 ஏழைப் பிள்ளைகளை மூன்று வகை முன்பள்ளிகளில் சேர்த்தார்கள். ஒன்றில் ஆசிரியர் எழுத்தையும் எண்ணையும் நேரடியாகப் புகட்டினார். மற்ற இரண்டில் பிள்ளைகளின் விருப்பத்துக்கும் விளையாட்டுக்கும் இடமிருந்தது. தொடக்கத்தில் மூன்று பிரிவுக்கும் அறிவுத்திறன் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுபோலவே உயர்ந்தது. 23 வயதில் பார்த்தபோது, நேரடிப் புகட்டலில் வளர்ந்தவர்களே குற்ற வழக்குகளிலும் மனச்சிக்கல்களிலும் அதிகம் மாட்டியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், நேரடிக் கற்பித்தலின் ஆதரவாளர்கள் இதை ஏற்பதில்லை. அவர்கள் பக்கமும் ஒரு பெரிய சான்று உண்டு. ஃபாலோ த்ரூ என்ற அமெரிக்கத் திட்டத்தில், பள்ளியின் தொடக்க வகுப்புகளில் நேரடிக் கற்பித்தல் நல்ல பலன் தந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆறு வயதில் எழுத்தையும் ஒலியையும் முறையாக, படிப்படியாகச் சொல்லிக் கொடுங்கள். அதில் எந்தச் சமரசமும் கூடாது. அந்தக் கற்பித்தல் வேர் பிடிக்கப் போதிய பேச்சும் சொல்வளமும் பொறுமையும் மூன்று, நாலு, ஐந்து வயதில் எங்கே சேர்கின்றன என்பதே கேள்வி. வீட்டில் பேச ஆளில்லாமல் இருவரும் கூலிக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் பஸ் விளையாட்டின் நூறு வாக்கியங்கள் அதிகம் தேவைப்படுகின்றன. வசதியான வீட்டுப் பிள்ளை நோட்டு நிறைய எழுதிவிட்டு வந்தாலும் இரவு கதை கேட்டு ஈடுகட்டிக்கொள்ளும். ஏழைப் பிள்ளைக்கு அந்த ஈடு இல்லை.

சட்டமும் அரசும் காகித அளவில் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. கல்வி உரிமைச் சட்டம் 2009 சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதைத் தடை செய்கிறது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒன்றிய அரசின் 2022ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சட்டகம் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியே கல்வி என்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. இவ்வளவு இருந்தும் மூன்று வயது நிரம்பியதும் பிள்ளையை அங்கன்வாடியிலிருந்து தூக்கித் தனியார் எல்.கே.ஜி.யில் போடுவது நிற்கவில்லை. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதும் அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான். நோட்டு கண்ணுக்குத் தெரிகிறது. சண்டையைச் சமரசம் செய்யக் கற்றதை யாரும் பையில் வைத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது.

அதற்காக, பிள்ளைகளை அவிழ்த்துவிட்டுவிட்டு டீச்சர் ஓரமாக உட்காருவதை நான் விளையாட்டுக் கல்வி என்று சொல்லவில்லை. அங்கன்வாடிகளில் பல நாள் நடப்பது அதுதான், அதைப் பார்த்துத்தான் பெற்றோர் ஓடுகிறார்கள். குறை அங்கன்வாடிப் பணியாளர்களுடையது அல்ல. எடை பார்ப்பது, கர்ப்பிணிகள் கணக்கு, மாவு கணக்கு, பதிவேடு, கைபேசிச் செயலியில் பதிவேற்றம் என்று அவர்கள் நாள் கரைந்துபோகிறது. விளையாட்டுக்குப் பெரியவர் வேண்டும். என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும், ஆட்டம் தேங்கும்போது ஒரு பழைய புடவையையோ அட்டைப் பெட்டியையோ நடுவில் போட வேண்டும், "பஸ் எந்த ஊருக்குப் போகுது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விலக வேண்டும். இது அச்சுத்தாள் திருத்துவதைவிடப் பல மடங்கு கடினமான தொழில். சைமன் நிக்கல்சன் என்ற சிற்பி 1971இல் எழுதியதுபோல், அசைக்கவும் இணைக்கவும் பிரிக்கவும் கூடிய உதிரிப் பொருட்கள் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்குப் பிள்ளையின் புத்தி வேலை செய்யும். தேங்காய் ஓடு, மூடி, மணல், தண்ணீர், கயிறு போதும். ஒரு பொருளுக்கும் அங்கே தட்டுப்பாடு இல்லை. தட்டுப்பாடு துண்டுபடாத ஒரு மணி நேரத்துக்கும், கவனிக்க ஓர் ஆளுக்கும்தான்.

"ஒண்ணாம் வகுப்புல போய்த் திணறுமே" என்ற பயம் மிச்சமிருக்கும். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் இயக்கம் எல்லாப் பிள்ளைகளும் அடிப்படை வாசிப்பும் கணக்கும் அறிய இலக்காக வைத்திருக்கும் வயது 8. நாம் பயப்படுவதோ 4 வயதில், இடையில் முழுதாக நாலு வருடம் இருக்கும்போது. ஆகவே அடுத்த சேர்க்கையின்போது பிள்ளை என்ன எழுதும் என்று கேட்க வேண்டாம். ஒரு நாளில் தடங்கலில்லாமல் எவ்வளவு நேரம் விளையாடும், என்ன விளையாடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள், மணல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அங்கன்வாடிக்கு என்ன வேண்டும் என்று கிராமசபையில் பேச்சு வந்தால், சுவரில் இன்னொரு முறை ஆங்கில எழுத்துகளை வரையச் சொல்லாதீர்கள். ஒரு லோடு மணல், அதைச் சுற்றி வேலி, நிழலுக்கு ஒரு புங்கமரம், பதிவேடு எழுதும் வேலை இல்லாத இன்னொரு ஆள் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.